இணையத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி: தனிவழிக் கல்வியின் நூறாண்டு வரலாறு

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடுகிறார். பத்துப் பேருக்கு அந்தக் கணக்கு ஏற்கனவே தெரியும். இன்னும் பத்துப் பேருக்கு அதை இரண்டு முறை சொன்னால்தான் விளங்கும். இருந்தாலும் மணி அடித்தவுடன் நாற்பது பேரும் அடுத்த பாடத்துக்குப் போயாக வேண்டும். உலகின் பெரும்பாலான பள்ளிகள் இன்றும் இப்படித்தான் இயங்குகின்றன.

இந்த ஏற்பாட்டில் ஒட்ட முடியாமல் வெளியேறும் மாணவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்களுக்காக உருவானவைதான் மாற்று இணையவழி உயர்நிலைப் பள்ளிகள். இவற்றில் மாணவர் தன் வேகத்தில் படிக்கிறார். பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்குப் பதிலாக, உண்மையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்குத் தீர்வு தேடுகிறார். முன்னதைத் தனிவழிக் கற்றல் என்றும், பின்னதைச் சவால்வழிக் கற்றல் என்றும் கூறலாம்.

இவை இரண்டும் கணினியோடு பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இந்த நூறு ஆண்டுகளில் எது வெற்றி பெற்றது, எது தோற்றது, ஏன் தோற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் அறைப் பள்ளியில் தொடங்கிய யோசனை

1904-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரே ஓர் அறை கொண்ட கிராமப் பள்ளிக்கு ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் என்ற இளம் ஆசிரியை வந்து சேர்ந்தார். அந்த ஓர் அறைக்குள் எட்டு வகுப்புகள் நடந்தன. ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற ஏழு வகுப்புப் பிள்ளைகளும் சும்மா இருக்கக் கூடாது. எனவே பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்கு உதவுவது, ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த வேலையைத் தாமே செய்து முடிப்பது என்று அவர் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்.

பின்னர் அவர் இத்தாலிக்குச் சென்று மரியா மாண்டிசோரியிடம் பயிற்சி பெற்றார். 1919-இல் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1920-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் டால்டன் என்ற சிற்றூரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் அவருடைய முறை நடைமுறைக்கு வந்தது. அந்த ஊரின் பெயரே 'டால்டன் திட்டம்' என்று நிலைத்துவிட்டது.

டால்டன் திட்டத்தில் மணி அடித்து வகுப்பு மாறும் பழக்கம் இல்லை. வகுப்பறைகள் பாடவாரியான 'ஆய்வகங்கள்' ஆயின. கணக்குக்கு ஓர் ஆய்வகம், வரலாற்றுக்கு ஓர் ஆய்வகம் என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தப் பாட ஆசிரியர் இருப்பார். மாணவருக்கு ஒரு மாதத்துக்கான வேலை மொத்தமாகக் கொடுக்கப்படும். அதை அவர் ஓர் ஒப்பந்தமாக ஏற்றுக்கொள்வார். எதை முதலில் செய்வது, எந்த ஆய்வகத்தில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதை அவரே முடிவு செய்வார். எவ்வளவு முடிந்தது என்பதைத் தானே ஒரு வரைபட அட்டையில் குறித்து வைப்பார். அந்த அட்டையை ஆசிரியரும் பார்ப்பார்.

1922-இல் பார்க்ஹர்ஸ்ட் இத்திட்டத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜப்பான், சோவியத் ஒன்றியம் என்று பல நாடுகளுக்கு இத்திட்டம் பரவியது. நெதர்லாந்தில் டால்டன் பள்ளிகள் இன்றளவும் நடக்கின்றன.

ஆனால் சோவியத் ஒன்றியத்தில் நடந்த கதை வேறு. அங்கே தனி மாணவரின் ஒப்பந்தம் ஒரு குழுவின் ஒப்பந்தமாக மாற்றப்பட்டது. சில மாணவர்கள் சேர்ந்து ஒரு 'படைக்குழு'வாக வேலையை எடுத்துக்கொள்வார்கள். முடிவில் குழுவில் ஒருவர் எழுந்து பதில் சொன்னால் போதும், எல்லோரும் தேறியதாகக் கணக்கு. ஒருவர் படிக்க மற்றவர்கள் அவர் முதுகில் ஏறிக்கொள்ளும் நிலை வந்தது. 1932 ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு இந்த முறையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பழைய வகுப்பறையும் பழைய பாட அட்டவணையும் திரும்பி வந்தன. தனி மாணவர் என்ன கற்றார் என்று பார்க்க ஆளில்லாமல் போனபோது திட்டமே கவிழ்ந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

சவால் என்னும் இரண்டாவது ஓடை

டால்டன் திட்டத்தில் மாணவருக்கு வேகம் சொந்தமாக இருந்தது. ஆனால் வேலையைத் தீர்மானித்தவர் ஆசிரியரே. மாணவரின் சொந்த ஆர்வத்திலிருந்து வேலை பிறக்க வேண்டும் என்ற எண்ணம் வேறோர் இடத்தில் வளர்ந்தது.

தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே குழந்தைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். அந்த வேலைகளின் வழியே கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் கற்றார்கள். டூயியின் வழியில் வந்த வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் 'செயல்திட்ட முறை' என்ற கட்டுரையை எழுதினார். முழு மனதோடும் நோக்கத்தோடும் ஒரு சமூகச் சூழலில் செய்யப்படும் செயலே கல்வியின் அடிப்படை அலகு என்பது அவர் வாதம். இன்று நம் பள்ளிகளில் 'புராஜெக்ட்' என்று சொல்லப்படும் வேலையின் பூர்வீகம் இதுவே. கடையில் படம் வாங்கி ஒட்டிக் கொடுப்பதற்கும் கில்பாட்ரிக் சொன்னதற்கும் உள்ள தூரம் அதிகம் என்பது வேறு விஷயம்.

இதே காலத்தில் சிகாகோவுக்கு அருகிலுள்ள வின்னெட்கா நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் கார்ல்டன் வாஷ்பர்ன் இருந்தார். 1919 முதல் 1943 வரை அவர் அப்பதவியில் இருந்தார். அவர் இரண்டு ஓடைகளையும் ஒரே நாளுக்குள் சேர்த்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றை மாணவர்கள் தனித்தனியாகத் தம் வேகத்தில் படித்து, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார்கள். மீதி நேரம் நாடகம், விவாதம், கைவேலை என்று எல்லோரும் சேர்ந்து செய்யும் செயல்களுக்கு ஒதுக்கப்பட்டது. தன் வேகத்தில் படிக்கும் பிள்ளை தனிமையில் விடப்படக் கூடாது என்பதை வாஷ்பர்ன் அப்போதே உணர்ந்திருந்தார்.

தபால்காரர் கொண்டுவந்த பள்ளி

இணையம் வருவதற்கு முன்னால் பள்ளியை வீட்டுக்குக் கொண்டு சென்றது அஞ்சல் துறை. நியூசிலாந்து அரசு 1922-இல் தொலைதூரப் பண்ணைகளில் வாழும் பிள்ளைகளுக்காக அஞ்சல்வழிப் பள்ளியைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் வானொலி வழியாகப் பாடம் சொல்லும் 'வான்வழிப் பள்ளி' வந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929-இல் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது.

இவற்றில் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பர் ஊரில் 1923-இல் நடந்த முயற்சி. அந்த ஊர்ப் பள்ளியால் பலவகைத் தொழிற்கல்விக்கும் ஆசிரியர்களை நியமிக்க முடியவில்லை. எனவே பாடங்களை அஞ்சல்வழி நிறுவனங்களிடமிருந்து தருவித்தார்கள். ஆனால் மாணவர்களை வீட்டில் படிக்கச் சொல்லி விடவில்லை. பள்ளி நேரத்திலேயே, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் உட்கார்ந்து படிக்க வைத்தார்கள். பாடம் எங்கிருந்தோ வந்தாலும், மாணவர் படிக்கிறாரா, எங்கே சிக்கிக்கொண்டார் என்று பார்க்க உள்ளூரில் ஒருவர் இருந்தார். 'மேற்பார்வையுடன் கூடிய அஞ்சல்வழிக் கல்வி' என்ற பெயரில் இம்முறை பிற ஊர்களுக்கும் பரவியது.

அஞ்சல்வழிக் கல்வியின் பெரிய நோய் எல்லோருக்கும் தெரிந்ததே. சேருகிறவர்கள் அதிகம், முடிக்கிறவர்கள் குறைவு. முதல் பாடத்தை ஆர்வத்தோடு எழுதி அனுப்பும் மாணவர் மூன்றாவது பாடத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். இதே நோயை உளவியலாளர் ஃபிரெட் கெல்லரின் முறையிலும் பார்க்கலாம். 1968-இல் அவர் 'ஆசிரியரே, போய் வருக' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்து, ஒன்றில் முழுத் தேர்ச்சி பெற்ற பின்பே அடுத்ததற்குப் போகும் முறை அது. கல்லூரிகளில் அது நல்ல பலன் தந்தது. ஆயினும் வேகத்தை மாணவரிடமே விட்டதால், நாளை நாளை என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் விலகிவிடுகிறவர்களின் சிக்கல் அதைத் தொடர்ந்து வந்தது. இத்தனைக்கும் கெல்லர் தம் முறையில் ஒவ்வொரு மாணவரின் தேர்வையும் உடனிருந்து திருத்த மூத்த மாணவர்களை வைத்திருந்தார். கட்டுரையின் தலைப்பில் ஆசிரியர் விடைபெற்றாலும், நடைமுறையில் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

1997: இணையப் பள்ளிகளின் தொடக்கம்

1990-களின் நடுவில் இணையம் பள்ளிகளுக்குள் நுழைந்தது. 1996-இல் மசாசூசெட்ஸின் ஹட்சன் நகரப் பள்ளி நிர்வாகமும் கான்கார்டு கன்சார்டியம் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து மத்திய அரசின் நிதி பெற்றன. 1997-இல் 'மெய்நிகர் உயர்நிலைப் பள்ளி' பாடங்களைத் தொடங்கியது. இதன் ஏற்பாடு கூட்டுறவுச் சங்கம் போன்றது. ஒரு பள்ளியின் ஆசிரியர் இணையத்தில் ஒரு பாடம் நடத்துவார். அதற்குப் பதிலாக அப்பள்ளியின் மாணவர்கள் பிற பள்ளிகளின் ஆசிரியர்கள் நடத்தும் பாடங்களில் சேரலாம். ஒவ்வொரு பள்ளியிலும் இதைக் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். பென்டன் ஹார்பரின் மேற்பார்வை ஆசிரியர் எழுபது ஆண்டுகள் கழித்து மறுபிறவி எடுத்தார் எனலாம்.

அதே 1997-இல் புளோரிடா மெய்நிகர் பள்ளி சிறிய அரசு மானியத்துடன் தொடங்கியது. எந்த நேரத்திலும், எந்த இடத்திலும், எந்த வழியிலும், எந்த வேகத்திலும் படிக்கலாம் என்பது அதன் முழக்கம். முழக்கம் சுதந்திரத்தைப் பற்றியதாக இருந்தாலும், ஆசிரியர்கள் மாணவரோடும் பெற்றோரோடும் தொலைபேசியில் தொடர்ந்து பேச வேண்டும் என்பது அங்கே விதி. பாடத்தைப் பற்றி மாணவரோடு வாய்மொழியாக உரையாடி மதிப்பிடும் பழக்கமும் உண்டு. 2003-இல் மாநிலச் சட்டமன்றம் இதற்கு நிரந்தர நிதி ஒதுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தது. மாணவர் பாடத்தை வெற்றிகரமாக முடித்தால்தான் பள்ளிக்குப் பணம். சேர்த்தால் மட்டும் பணம் இல்லை. இந்த ஒரு நிபந்தனை எவ்வளவு முக்கியமானது என்பது பின்னால் தெரியும்.

நாட்ஸ்கூல்: 'மாணவர்' இல்லாத பள்ளி

இதுவரை சொன்ன பள்ளிகளில் பெரும்பாலும் வழக்கமான மாணவர்களே படித்தார்கள். பள்ளியை முற்றிலும் இழந்தவர்களுக்காக 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு முயற்சி தொடங்கியது. அதன் பெயர் 'நாட்ஸ்கூல்.நெட்'. 'பள்ளி அல்ல' என்பதே அப்பெயரின் பொருள். செம்ஸ்ஃபோர்டு நகரில் ஆங்கிலியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் அல்ட்ராலேப் என்ற ஆய்வு மையம் இதை நடத்தியது. பேராசிரியர் ஸ்டீபன் ஹெப்பல் அதன் தலைவர். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் சுமார் நூறு பேர்.

அவர்கள் பதின்பருவத்தினர். நீண்ட நோயால் படுத்தவர்கள், பள்ளி என்றாலே நடுங்குகிறவர்கள், சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளானவர்கள், கருவுற்றதால் படிப்பை விட்டவர்கள், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். வீட்டுக்கு ஆசிரியரை அனுப்புவது போன்ற மாற்று வழிகளும் இவர்களிடம் பலிக்கவில்லை.

நாட்ஸ்கூல் முதலில் மாற்றியது சொற்களை. அங்கே 'மாணவர்' என்ற சொல் கிடையாது. அவர்கள் 'ஆராய்ச்சியாளர்கள்' எனப்பட்டார்கள். ஆசிரியர்கள் 'வழிகாட்டிகள்' ஆனார்கள். மாணவர் என்ற சொல்லோடு அந்தப் பிள்ளைகளுக்குத் தோல்வியின் நினைவு ஒட்டியிருந்தது என்பதே காரணம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் கணினியும் இணைய இணைப்பும் வந்தன. எதை ஆராய்வது என்பது அவரவர் ஆர்வத்திலிருந்தே தொடங்கியது. செய்த வேலையை இணையச் சமூகத்தில் மற்றவர்கள் பார்க்க வெளியிட்டார்கள், கருத்துகள் பெற்றார்கள், திருத்தினார்கள். அந்த வேலைகளைக் கொண்டே முறையான சான்றிதழ்களுக்கும் வழி செய்யப்பட்டது.

ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் சிலர் மட்டுமே இருந்தார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் இணையத்தில் தலைகாட்டவில்லை என்றால் அது கண்ணில் படும் அளவு அது. இதுவே நாட்ஸ்கூலின் உயிர்நாடி. டால்டனின் தனிவேகமும் கில்பாட்ரிக்கின் செயல்திட்டமும் பென்டன் ஹார்பரின் மேற்பார்வையும் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

ஆப்பிள் கொடுத்த பெயர்

சவால்வழிக் கற்றல் என்ற பெயர் பரவலானது 2008-க்குப் பிறகு. ஆப்பிள் நிறுவனம் 1985 முதலே 'நாளைய வகுப்பறைகள்' என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்தி வந்தது. அதன் தொடர்ச்சியாக 2008-இல் இம்முறையை வகுத்து வெளியிட்டது. 2009-இல் ஆறு பள்ளிகளில் நடந்த சோதனையின் அறிக்கையும் வந்தது.

முறை எளிமையானது. தண்ணீர், உணவு, அமைதி போன்ற ஒரு பெரிய கருத்தில் தொடங்க வேண்டும். அதிலிருந்து ஒரு கேள்வி எழ வேண்டும். நம் தெருவில் தண்ணீர் எங்கே வீணாகிறது என்பது போல. அந்தக் கேள்வி ஒரு சவாலாக மாற வேண்டும். இந்தத் தெருவின் தண்ணீர் வீணாவதை ஒரு மாதத்தில் குறைத்துக் காட்டு என்பது போல. பிறகு மாணவர்கள் தேவையான துணைக் கேள்விகளைத் தாமே எழுப்பி, தகவல் திரட்டி, தீர்வைச் செயல்படுத்தி, முடிவை ஊரறிய வெளியிட வேண்டும். ஆசிரியர் எல்லாம் அறிந்தவராக இராமல் கூடவே தேடுகிறவராக இருப்பார். டூயியும் கில்பாட்ரிக்கும் இதைப் படித்திருந்தால் தம் வீட்டுப் பிள்ளையை அடையாளம் கண்டிருப்பார்கள்.

ஓஹையோ தந்த பாடம்

நாட்ஸ்கூல் பிறந்த அதே 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 'நாளைய மின்னணு வகுப்பறை' என்ற இணையப் பள்ளி தொடங்கியது. அதுவும் வழக்கமான பள்ளியில் ஒட்டாத பிள்ளைகளுக்கு மாற்று என்றே அறிமுகமானது. அரசுப் பணத்தில் நடந்த பள்ளி அது. ஆனால் அதன் நிர்வாகத்தையும் பாடங்களையும் அதன் நிறுவனரோடு தொடர்புடைய தனியார் நிறுவனங்கள் லாபத்துக்கு வழங்கின. அமெரிக்காவின் மிகப் பெரிய இணையப் பள்ளிகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

2016-இல் மாநிலக் கல்வித் துறை அதன் கணக்கைச் சோதித்தது. 2015-16 கல்வியாண்டில் 15,300-க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்கு அப்பள்ளி பணம் பெற்றிருந்தது. அவர்கள் படித்த நேரத்துக்கான ஆதாரம் ஏறத்தாழ 6,300 பேருக்கே இருந்தது. மாணவருக்குக் கற்கும் வாய்ப்பைக் கொடுப்பதே தங்கள் கடமை, அவர் எவ்வளவு நேரம் படித்தார் என்று காட்டத் தேவையில்லை என்று பள்ளி வாதிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கான கணக்கில் சுமார் 8 கோடி டாலரைத் திருப்பிக் கட்டும்படி உத்தரவு வந்தது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே பள்ளி மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓஹையோ உச்ச நீதிமன்றமும் பள்ளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இது ஒரு பள்ளியின் முறைகேடு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் அமெரிக்காவில் இதுபோல் தனியார் அமைப்புகள் நடத்தும் முழுநேர இணையப் பள்ளிகளை ஆராய்ந்தது. ஒத்த பின்னணி கொண்ட மற்ற மாணவர்களோடு ஒப்பிடும்போது, இம்மாணவர்கள் வாசிப்பில் ஓராண்டில் 72 நாள் படிப்புக்குச் சமமான அளவும், கணக்கில் 180 நாள் படிப்புக்குச் சமமான அளவும் பின்தங்கியிருந்தார்கள். அமெரிக்கப் பள்ளியாண்டே 180 நாள்தான். அதாவது கணக்கில் ஓராண்டு படிக்காததற்குச் சமம்.

இரண்டு பள்ளிகளும் சொல்வது

நாட்ஸ்கூலும் ஓஹையோ பள்ளியும் ஒரே ஆண்டில், ஒரே மாதிரிப் பிள்ளைகளை மனதில் வைத்து, ஒரே இணையத்தைக் கொண்டு தொடங்கியவை. இரண்டிலும் கணினி வீட்டுக்கே வந்தது. இரண்டிலும் மாணவர் தன் வேகத்தில் படிக்கலாம். வேறுபாடு எங்கே என்றால், ஒன்றில் பிள்ளை காணாமல் போனால் தேடிவர ஒருவர் இருந்தார். மற்றொன்றில் பிள்ளை காணாமல் போனாலும் பணம் வந்துகொண்டிருந்தது. முடித்தால்தான் பணம் என்ற புளோரிடாவின் நிபந்தனையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேகத்தை மாணவரிடம் ஒப்படைக்கும்போது, தானே திட்டமிட்டுப் படிக்கும் பழக்கம் உள்ள மாணவர் பறந்துவிடுகிறார். அந்தப் பழக்கம் இல்லாதவர் நின்றுவிடுகிறார். மாற்றுப் பள்ளியைத் தேடி வருகிறவர்களில் பலர் இரண்டாம் வகையினர். நோயும் அவமானமும் தோல்வியும் அவர்களை அப்படி ஆக்கியிருக்கின்றன. சுதந்திரம் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. உடன் ஓர் ஆளும் அவர்களுக்கே அதிகம் தேவை. இந்த இரண்டில் முதலாவதைக் கொடுப்பது மலிவு, இரண்டாவதைக் கொடுப்பது செலவு. அதனால்தான் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு அதற்குத் 'தனிவழிக் கற்றல்' என்று பெயர் சூட்டும் ஆசை நிர்வாகங்களுக்கு வருகிறது.

2020-இல் கொரோனா பெருந்தொற்றால் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளிகள் மூடப்பட்டன. கோடிக்கணக்கான வீடுகளில் இணையமே வகுப்பறை ஆயிற்று. மணி அடித்து நடத்தும் பாடத்தைத் திரையில் காட்டுவது மட்டும் இணையக் கல்வி ஆகாது என்பது அப்போது பல பெற்றோருக்கும் புரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறதா என்பதுகூடச் சில வேளைகளில் தெரியவில்லை.

பார்க்ஹர்ஸ்டின் ஓர் அறைப் பள்ளியில் கணினி இல்லை. அங்கே இருந்தவை ஒரு வேலைத் திட்டமும், உதவும் மூத்த பிள்ளைகளும், எட்டு வகுப்பையும் கவனித்த ஓர் ஆசிரியையும்தான். இனி வரும் இணையப் பள்ளிகள் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், அவற்றை மதிப்பிடப் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: என் பிள்ளை ஒரு வாரம் பாடத்தின் பக்கம் வரவில்லை என்றால், உங்கள் பள்ளியில் அது முதலில் யாருக்குத் தெரியும்?